எர்த் பின்

என் கோபத்துக்கு எங்கள் கச்சேரிக் குழுவில் எல்லாரும் பயப்படுவார்கள். நான் கிதார் வாசிப்பவன். என் மனைவி பாடுவாள். விக்கிரமசிங்கபுரத்தில் ஓர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மதியக் கச்சேரி. மஞ்சள் நீராட்டு முடிந்த கையோடு எங்களை மேடை ஏற்றிவிட்டார்கள். பலகையெல்லாம் சொதசொதவென்று ஈரம். கோயில் மேடை, செருப்புப் போடக்கூடாது என்று வேறு சொல்லிவிட்டார்கள்.

ஸ்பீக்கரில் ‘உர்ர்’ என்று ஓயாத இரைச்சல். மைக்செட்காரன் ஒயரை மாற்றி மாற்றிப் பார்த்தான். எனக்கு மண்டை காய்ந்தது.

“ஏலே, ஆம்ப்ளிஃபயர் பிளக்குல அந்த எர்த் பின்னைப் பிடுங்கு. இரைச்சல் தன்னால அடங்கும்.”

“வேண்டாம் அண்ணாச்சி. தரையெல்லாம் ஈரமாக் கெடக்கு. கரண்டு கசிஞ்சா மண்ணுக்குப் போக அது ஒண்ணுதான் வழி.”

“எனக்கே பாடம் நடத்துதியா? பிடுங்குலே!”

கட்டிங் பிளேயரால் திருகிப் பிடுங்கினான். இரைச்சல் நின்றது. அவனைப் பார்த்து இளக்காரமாகச் சிரித்தேன். எல்லா மேடையிலும் நாங்கள் இப்படித்தான் செய்துவந்தோம், ஒன்றும் ஆனதில்லை. ஒரு டெஸ்டரை மைக்கில் வைத்துப் பார்த்திருந்தால் கரண்டு கசிவது தெரிந்திருக்கும். அதற்குக்கூட எனக்குப் பொறுமை இல்லை.

இரண்டாவது பாட்டின் நடுவில் என் மனைவியின் குரல் அறுந்தது. திரும்பினேன். மைக்கைப் பிடித்த கை இறுகிப்போய், பல் கிட்டித்து, அவள் உடம்பு முழுக்க உதறியது. அவளால் விட முடியவில்லை. கிதாரைக் கழற்றி எறிந்துவிட்டு மர ஸ்டூலைத் தூக்கி அவள் கையிலேயே ஓங்கி அடித்தேன். இரண்டாவது அடியில் எலும்பு முறிந்தது; மைக் தெறித்தது. மல்லாந்து விழுந்தாள். உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. மூச்சு இருந்தது.

யாரோ மெயினை அணைத்தார்கள். நான் மைக்செட்காரன் மேல் பாய்ந்தேன். “கொல்லப் பாத்தியேலே!” என்று கத்திக்கொண்டே மைக் ஸ்டாண்டால் அடித்தேன். அவன் திருப்பிக் கையை ஓங்கவில்லை. நாலு பேர் சேர்ந்து என்னை இழுத்தபோது அவன் மூக்கு உடைந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் சாயங்காலம்தான் அவள் வாய் திறந்தாள். கையில் மாவுக்கட்டு.

“அந்த அண்ணனை ஏன் அடிச்சீங்க?”

“எர்த்தைப் பிடுங்கினது அவன்தான?”



“நான் பக்கத்துலதான் நின்னேன். அவரு வேண்டாம்னதும் கேட்டுது. நீங்க சொன்னதும் கேட்டுது.”

தண்ணீர் டம்ளரை அவள் வாயருகே கொண்டுபோனேன். கட்டுப் போடாத கையால் அதைத் தட்டிவிட்டாள்.