சுருதி சேர்ந்த ஒப்பாரி

மதுரையில் இசைப் பட்டப்படிப்பில் கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். நான் மேடைப் பாடகியாக வேண்டும் என்று என்னைவிட என்னைப் பெற்ற அய்யாவுக்குத்தான் ஆசை. வள்ளம் கவிழ்ந்து அவர் கடலில் இறந்துபோனார் என்று தகவல் வந்ததும் எங்கள் ஊரான அக்காள்மடத்துக்கு ஓடினேன்.

வாசலில் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் மகள் ஒப்பாரி வைக்காமல் தகப்பனைத் தூக்க மாட்டார்கள். அய்யாவின் தங்கை என்னை இழுத்து உட்காரவைத்து, "பாட்டுப் படிக்கிற புள்ள, ஒங்க அய்யாவுக்கு ஒன்னு பாடி அழு ஆத்தா" என்றார்.

வாயைத் திறந்தேன். குரல் உடையவே இல்லை. வருடக்கணக்கில் பழக்கிய தொண்டை, அவர்கள் அழுத சுருதியைப் பிடித்துக்கொண்டு, சோகத்துக்கென்றே சொல்லிக்கொடுத்த முகாரி ராகத்தில் ஏறியது. கமகம்கூடச் சுத்தமாக விழுந்தது. பெண்கள் ஒவ்வொருவராக அழுகையை நிறுத்திவிட்டு என்னைக் கேட்கத் தொடங்கினார்கள். "என்னமாப் பாடுது" என்றாள் பின்னாலிருந்த ஒருத்தி.

அம்மா தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

"ஏன்டி, இங்கனயும் கச்சேரி வைக்கிறியா?"

இப்போது மேடைகளில் பாடுகிறேன். நான் முகாரி பாடினால் சபையே கண்கலங்குகிறது என்கிறார்கள். அய்யாவுக்காக நான் இன்னும் அழவில்லை.