ஜாமீன் பாஸ்போர்ட்

மேனேஜர் தம் சட்டைப் பையிலிருந்து அந்த நீல நிறப் பாஸ்போர்ட்டை எடுத்து மேசைமேல் வைத்த விதம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தீப்பெட்டி கொடுப்பது போல வைத்தார். "இது போதுமா?" என்றார். எங்கள் விசா, லேபர் கார்டு வேலைகளைப் பார்க்கும் பி.ஆர்.ஓ. அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். எங்களைப் போன்றவர்களின் பாஸ்போர்ட்டுகள்தாம் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த இரும்பு அலமாரிக்குள் கிடக்கும். ஓர் அமெரிக்கரின் பாஸ்போர்ட் அதற்குள் போனதை அதுவரை யாரும் பார்த்ததில்லை. நான் அழுதுவிட்டேன். நாற்பதை நெருங்கிய ஆள், ஆபீஸ் நடுவில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் தூத்துக்குடியில் என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தாள், எனக்கு வேறு ஒன்றும் ஓடவில்லை.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. துபாயில் எங்கு திரும்பினாலும் கிரேன் நின்ற காலம். நான் ஒரு கட்டடக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். கராமாவில் ஓர் அறையில் ஆறு பேர் இருந்தோம். வந்து இறங்கிய அன்றே பாஸ்போர்ட்டைக் கம்பெனி வாங்கி வைத்துக்கொள்ளும். அது சட்டப்படி தப்பு என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் கொடுத்துவிடுவோம். அவசர லீவு வேண்டுமானால் நாம் திரும்பி வருவோம் என்பதற்கு இன்னொருவர் தம் பாஸ்போர்ட்டை அங்கே வைக்க வேண்டும். நாம் வராவிட்டால் அவர் அசைய முடியாது. இதற்குத்தான் எங்கள் பேச்சில் ஜாமீன் பாஸ்போர்ட் என்று பெயர்.

எனக்கு மேலே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் இந்த மேனேஜர், டெக்சாஸ்காரர், ஆறடிக்கு மேல் உயரம், சிரித்தால் ஆபீஸாக இருந்த தகரப் போர்ட்டா கேபின் அதிரும். இன்னொருவர் டென்மார்க்காரர். டிசைன், மெட்டீரியல் எல்லாம் அவர் பொறுப்பு. ஒல்லியான மனிதர், கருவாடு மாதிரி காய்ந்த முகம், ஒரு நட்டு வாங்க வேண்டுமென்றாலும் மூன்று கையெழுத்து கேட்பார். மதியம் இருவரும் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள், சாப்பிடும்போது சண்டை போடுவார்கள். என் ஸ்டோர் பக்கத்துக் கேபின் என்பதால் எல்லாம் காதில் விழும். விழாவிட்டால் நானே ஏதாவது பில்லை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன், அது வேறு விஷயம்.

அரசாங்கம் என்ற சொல்லைக் கேட்டாலே மேனேஜருக்கு உடம்பு கூசும். அது நம் வழியை விட்டு ஒதுங்கி நின்றால் போதும், மற்றதை நாமே பார்த்துக்கொள்வோம், நமக்கு முடியாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரன் வருவான், சர்ச் வரும் என்பார். டென்மார்க்காரரோ தம் ஊரில் சம்பளத்தில் பாதிக்குப் பக்கமாக வரி கட்டியதைப் பெருமையாகச் சொல்வார். நானும் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், வரி கட்டியதைப் பெருமையாகச் சொன்ன மனிதர் இவர் ஒருவர்தான். ஒருநாள் பேச்சு அவருடைய அம்மாவைப் பற்றி வந்தது. எண்பது தாண்டிய அந்த அம்மாவுக்கு நகராட்சியிலிருந்து ஒரு பெண் தினமும் இரண்டு வேளை வந்து மருந்து கொடுத்து, சாப்பாடு வைத்து, தலை வாரிவிட்டுப் போவாளாம். மேனேஜர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். "பெற்ற தாயை அரசாங்கத்திடமா விட்டாய்?" டென்மார்க்காரர் ரொட்டியை மென்று முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "யாரிடமும் விடவில்லை. அம்மா என் தயவில் இல்லை. அதனால்தான் நான் போனால் என்னோடு சண்டை போட அவருக்குத் தைரியம் இருக்கிறது."

இதையெல்லாம் நான் ஒட்டுக் கேட்டது வெள்ளிக்கிழமைக்காக. வெள்ளிக்கிழமை காலை போன் கார்டைச் சுரண்டி நம்பரை அழுத்தினால், நலம் விசாரிப்பெல்லாம் ஒரு நிமிஷம்தான். உடனே என் மனைவி கேட்பாள்: "ரெண்டு சண்டைக்கோழியும் இந்த வாரம் என்ன சொல்லுச்சி?" டென்மார்க்காரரின் அம்மா கதையைச் சொன்னதும் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நம்ம முனிசிபாலிட்டிக்குக் குப்பை அள்ளவே நேரமில்ல, இதுல எனக்கு வந்து தலை வாரவா போகுது!" சிரிப்பு நிற்கவே இல்லை. கார்டில் நிமிஷம் ஓடுகிறதே என்று எனக்குப் பதற்றம். அப்புறம் சொன்னாள்: "இருந்தாலும் அந்த மனுசன் சொல்லுதது சரிதாங்க. சோறு போட்ட கைய எதுத்து வாய் தொறக்க முடியாதுல்லா." அவள் ஏழு வயதில் தாய் தகப்பன் இல்லாமல் மாமா வீட்டுக்குப் போனவள். அங்கே அவளை யாரும் அடித்ததில்லை, ஒரு குறையும் வைத்ததில்லை. ஆனால் கல்யாணம் ஆகிற வரைக்கும் இன்னொரு கரண்டி சோறு என்று அவள் கேட்டதில்லையாம். என் வீட்டுக்கு வந்த முதல் மாதம் தட்டில் கைவைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. ஏன் பார்க்கிறாள் என்று அப்போது புரியவில்லை, மடையன் நான்.

எங்கள் சைட்டுக்கு எதிரே ஒரு சாலை. ஆட்கள் வேலை முடிந்து, பொழுது சாயும் மக்ரிப் தொழுகை நேரத்தில் அதைக் கடந்துதான் பஸ் ஏற வேண்டும். விளக்கு கிடையாது, வண்டிகள் பறக்கும். ஒரு மேஸ்திரிக்கு அடிபட்ட மறுநாளே மேனேஜர் தம் சொந்தச் செலவில் ஒளிரும் சட்டைகள் வாங்கி வந்தார், சாயங்காலம் ஆனால் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு தாமே நடுரோட்டில் நின்று "யல்லா, யல்லா" என்று அரபியில் அவசரப்படுத்தி ஆட்களைச் சாலை கடக்க வைத்தார். அந்த மனிதருக்கு உயிரையே கொடுக்கலாம் என்று தோன்றும். டென்மார்க்காரர் அங்கே ஒருநாளும் வந்து நிற்கவில்லை. அவர் நகராட்சிக்குக் கடிதம் எழுதினார். பதில் வராததால் இன்னொன்று எழுதினார். "நீ லீவில் போனால் டார்ச் யார் பிடிப்பது? அடுத்த கம்பெனி ஆட்களுக்கு யார் பிடிப்பது?" என்று மேனேஜரிடம் கேட்டார். மேனேஜர், "நீ எழுதிக்கொண்டே இரு" என்று சிரித்தார். எட்டு மாதம் கழித்து அங்கே விளக்குக் கம்பம் நட்டார்கள். நாங்கள் யாரும் அதற்காக டென்மார்க்காரரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விளக்குக்கு யார் நன்றி சொல்வார்கள்?

அவளுக்குப் புற்று, ஈரல்வரை பரவிவிட்டது என்று ஊரிலிருந்து போன் வந்தபோது நான் முதலில் போனது டென்மார்க்காரரிடம். ஸ்டோர் முழுக்க என் பொறுப்பு என்பதால் ஆபீஸர் ஒருவரின் பாஸ்போர்ட்தான் ஜாமீனுக்கு வேண்டும் என்று பி.ஆர்.ஓ. சொல்லிவிட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே. டென்மார்க்காரர் எல்லாவற்றையும் கேட்டார். எழுந்து வந்து என்னை உட்கார வைத்தார். பிறகு, "தரமாட்டேன்" என்றார். "உன் பாஸ்போர்ட் உன்னுடையது. அதை வாங்க என்னுடையதைக் கொடுத்தால், அவர்கள் பூட்டி வைத்தது சரியென்று நானும் ஒப்புக்கொண்டதாகிவிடும். இப்போதே லேபர் ஆபீஸ் போகலாம். நான் கூட வருகிறேன்." எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். தெரியாது என்றார். பொய்யாவது சொல்லியிருக்கலாம். பெண்டாட்டி சாகக் கிடக்கிறாள், இந்த ஆள் சட்டம் பேசுகிறான், நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று தமிழிலேயே சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அவருக்குப் புரிந்திருக்கும். நேரே மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் அவர் தம் பாஸ்போர்ட்டை எடுத்து வைத்தார். என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

இருபத்தொரு நாள் அவளோடு இருந்தேன். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில், அந்த முதல் மாதம் தவிர, அவ்வளவு நாள் சேர்ந்தாற்போல் அவள் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. நான்கு வயது மகள் கட்டிலின் கால்மாட்டில் விளையாடிக்கொண்டிருப்பாள். சண்டைக்கோழிகளைப் போனில் கேட்டது போதாது, நடித்துக் காட்டுங்கள் என்றாள் என் மனைவி. வார்டுக்கு நடுவில் நின்று மேனேஜர் மாதிரி அதிரச் சிரித்தேன், டென்மார்க்காரர் மாதிரி ஒரு ரொட்டியை ஐந்து நிமிஷம் மென்றேன். பக்கத்துக் கட்டில் அம்மாகூடச் சிரித்தார். அவள் தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு, "போதும், வயிறு வலிக்கி" என்றாள். அது சிரிப்பால் வந்த வலியா, மற்ற வலியா என்று எனக்குத் தெரியவில்லை. தலையில் முடி கொட்டியிருந்தது. இருந்த முடியை நான் வாரிவிட்டேன். "பாருங்க, முனிசிபாலிட்டி ஆள் வந்தாச்சி" என்றாள். அந்தக் குரலை ஒருமுறை கேட்க எதை வேண்டுமானாலும் கொடுப்பேன்.

டாக்டர் ஒரு மாதம் என்றார், ஆறு மாதமும் ஆகலாம் என்றார். நான் திரும்பப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். வேலை போனால் போகட்டும். அப்போதுதான் என் அறையில் இருந்த டைம்கீப்பர் தம்பி போன் செய்தான். "அண்ணாச்சி, ஒங்க கிட்டச் சொல்லக்கூடாதுன்னு மேனேஜர் சொன்னாரு. அடுத்த வாரம் அவரு மகளுக்கு அமெரிக்காவுல கல்யாணம். பாஸ்போர்ட் உள்ள கெடக்கு. கான்சுலேட்டுல சொல்லி வேற வாங்குங்கன்னு எல்லாரும் சொல்லுதாங்க. 'நான் வாக்குக் கொடுத்திருக்கேன், அவன் வருவான்'னு சொல்லிட்டு உக்காந்திருக்காரு." போனை வைத்துவிட்டு நான் கட்டில் பக்கம் வரும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மறைக்கப் பார்த்தேன், விடவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, "கெளம்புங்க" என்றாள். "நம்மளை நம்பின மனுசன். நம்மால ஒரு தகப்பன் மகள் கல்யாணத்துக்குப் போகாம இருக்கக் கூடாது. நான் ஒண்ணும் ஓடிப்போக மாட்டேன்." மாமா வீட்டில் வளர்ந்தவளிடம் இதில் எதிர்வாதம் செய்ய முடியாது. கிளம்பினேன்.

மேனேஜர் என்னைக் கட்டிப்பிடித்தார். என் பாஸ்போர்ட் திரும்ப அலமாரிக்குள் போனது, அவருடையது வெளியே வந்தது. மறுநாள் அவர் விமானம் ஏறினார். அதற்கு அடுத்த நாள் ஒரு விஷயம் நடந்தது. லேபர் ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நான் ஊருக்குப் போன அன்றே டென்மார்க்காரர் தனியாகப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார். வாரம் இரண்டு தடவை போய் உட்கார்ந்திருக்கிறார். இரும்பு அலமாரியைத் திறந்து, வரிசையில் நிற்க வைத்து, ஒவ்வொருவருக்கும் அவரவர் பாஸ்போர்ட்டைக் கொடுத்தார்கள். இருநூறு பேருக்கு மேல் இருந்தோம். சிலர் அதை முத்தமிட்டார்கள். நான் என்னுடையதை வாங்கிக்கொண்டு ஸ்டோருக்கு வந்தேன். டென்மார்க்காரர் வாசலில் நின்றார். "இப்போது போ. யாரிடமும் கேட்க வேண்டாம். உனக்கு லீவு பாக்கி இருக்கிறது, நான் எழுதிக்கொள்கிறேன்" என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல், மேனேஜர் ஊரிலிருந்து வரட்டும், அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன் என்றேன். அவ்வளவு செய்த மனிதர் இல்லாத நேரத்தில், இப்போதுதான் வந்தவன், சொல்லாமல் கிளம்பினால் என்ன நினைப்பார்? டென்மார்க்காரர் என்னைப் புரிந்துகொள்ள முயன்று முடியாமல் போனவர் மாதிரி தம் கேபினுக்குத் திரும்பிப் போனார்.

இப்போது என் மகள் நர்ஸ். வெளிநாடு போகப் பரீட்சை எழுதுகிறாள். அமெரிக்காவா, ஐரோப்பாவா, எந்த ஊர் மனிதர்கள் நல்லவர்கள் என்று கேட்கிறாள். என்னத்தைச் சொல்ல? மேனேஜரைப் போல ஒரு நல்ல மனிதரை நான் திரும்பப் பார்க்கவில்லை. அவரிடம் இல்லாத குறையை நான் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். என்னைப் பிடித்து வைத்தது அவர் இல்லை, அவர் மேல் நான் வைத்த நன்றி. அந்த டென்மார்க்காரர் என் கையில் கொடுத்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. கேட்டு வாங்கியே பழகியவனுக்குக் கேட்காமல் போகத் தெரியவில்லை. நான் திட்டிய திட்டுக்கு அவரிடம் மன்னிப்புக்கூடக் கேட்டதில்லை. இப்போது அவர் எங்கே இருக்கிறாரோ.

பாஸ்போர்ட் கைக்கு வந்த அந்த வாரம், வெள்ளிக்கிழமை ஊருக்குப் போன் செய்தேன். என் மனைவியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. எல்லாருக்கும் பாஸ்போர்ட் கிடைத்த கதையைச் சொன்னேன். "ஒல்லிக்கோழி செயிச்சிருச்சா?" என்றாள். ஆமா என்றேன். மூச்சு வாங்கிக்கொண்டு, "அப்ப இனி நீங்க வரலாம்லா?" என்று கேட்டாள். ஒன்பது வருஷத்தில் தனக்கென்று என்னிடம் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். நான் சொன்னேன், புதன்கிழமை மேனேஜர் வருகிறார், ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வியாழக்கிழமை ஏறிவிடுகிறேன் என்று. "சரி, கேட்டுட்டே வாங்க" என்றாள்.

திங்கட்கிழமை காலை செய்தி வந்தது. அன்றைக்கு நான் யாரிடமும் கேட்கவில்லை.