பாடியும் பாடவைத்தும் வாழ்ந்த எங்கள் அண்ணை

எங்கள் அண்ணை கண்மூடி இந்த மாதத்துடன் ஓராண்டாகிறது. அவருடைய குரல் உங்களில் பலரின் வீடுகளில் இருக்கிறது. அந்த வாழ்க்கையை எழுதும் பொறுப்பு ஒரே தங்கையான என்னிடம் வந்திருக்கிறது.

மயிலிட்டியில் கடற்றொழிலாளர் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்த அண்ணை, தேவாலயப் பாடகர் குழுவில் பாடத் தொடங்கியவர். இளவயதிலேயே கொழும்புக்குச் சென்று இசைத்தட்டுகளில் பாடினார். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் அவர் வேலை செய்த ஒலிப்பதிவுக்கூடம் எரிந்தது. அகதிக் கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கியபோது உடுத்த சாரத்தைத் தவிர அவரிடம் எதுவும் இருக்கவில்லை. அம்மா கட்டிப்பிடித்து அழுதார்.

"அழாதையணை. பாட்டெல்லாம் நினைவிருக்குது" என்றார் அண்ணை.

பிறகு எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் சணல் சாக்குகளை அடித்து, பழைய ஒலிப்பதிவுக் கருவியொன்றைத் தேடி வாங்கி, கசெற் வெளியிடத் தொடங்கினார். தாம் பாடியதைவிட மற்றவர்களைப் பாடவைத்ததே அதிகம். ஒரு திருநாள் பாட்டின் ஒரே அடியை என்னைப் பதினொரு தடவை பாடவைத்தார். நான் அழுதுவிட்டேன்.

"அழுது முடிஞ்சுதோ? இப்ப திருப்பிப் பாடு. சொல்லு விளங்கேல்லை."

தொண்ணூறில் சண்டை மூண்டு ஊரைவிட்டு ஓடினோம். மூலப் பதிவுகள் இருந்த தகரப்பெட்டியை, "ரண்டு நாளிலை வந்து எடுப்பம்" என்று வைத்துவிட்டு வந்தார். ஊர் இராணுவத்தின் பிடியில் இருப்பதால் இன்றுவரை எங்களால் அங்கே போக முடியவில்லை.

மருதனார்மடத்தில் ஒரு வாடகை அறையில், மின்சாரமில்லாமல், கார் பற்றரியை வைத்துப் பதிவு செய்தார். தொண்டை கரகரத்தது. மண்ணெண்ணெய் விளக்கின் புகை என்று நினைத்தோம். வைத்தியர் பார்த்துவிட்டு, "கட்டி. இஞ்சை இதுக்கு ஒண்டும் செய்யேலாது. கொழும்புக்குக் கொண்டு போங்கோ" என்றார்.

கொழும்புக்குப் போக அப்போது கிளாலிக் கடலைக் கடப்பதே ஒரே வழி; அந்தக் கரைக்கு இருமுறை கொண்டுபோனோம். முதல்முறை கடலில் சண்டை, வள்ளம் ஓடவில்லை. அடுத்தமுறை வள்ளத்தில் ஏற்றியபின், பயணமில்லையென்று எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். மூன்றாம்முறை அண்ணை பாயிலிருந்து எழும்ப மறுத்தார்.

"இன்னொருக்கா போய்ப் பாப்பம், அண்ணை."

"காணும் பிள்ளை. என்னாலை ஏலாது."

குரல் வெறும் காற்றாக வந்தது. நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்க வேண்டுமோ என்று இன்னும் தெரியவில்லை.

கடைசி மாதம் பேச்சும் நின்றது. தாம் பதிந்த பாட்டுகளைக் கேட்க மட்டும் ஆசைப்பட்டார். அயல்வீட்டு ஆசிரியர் தம்முடைய சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவை றேடியோக் கசெற்றுடன் இணைத்துத் தந்தார். நான் பெடலைக் கையால் சுற்றினால் பாட்டு வரும். கை சோர்ந்தால் பாட்டும் இழுபடும். உடனே அண்ணையின் விரல்கள் பாயோரத்தில் சரியான தாளத்தைத் தட்டும். ஒரு காலை, பாட்டின் நடுவில், விரல்கள் நின்றன. நான் சுற்றிக்கொண்டேயிருந்தேன்.

கிளாலிக் கரையில் அண்ணையைத் தூக்கிச் சுமந்த முகம் தெரியாதவர்களுக்கும், மருந்தில்லாதபோதும் வந்து வந்து பார்த்த வைத்தியருக்கும், அன்று காலை உள்ளே வந்து என் கையைப் பிடித்து நிறுத்திய ஆசிரியருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

தங்கை