சனிக்கிழமை எடை

அளவு விஷயத்தில் என்னிடம் யாரும் வாலாட்ட முடியாது என்று முப்பத்துநாலு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தவன் நான். லாலாகுடா ரயில்வே பணிமனையில் சக்கரங்களுக்கு அளவு பார்க்கும் வேலை. தேய்ந்து வந்த சக்கரம் இன்னும் ஓடுமா, ஓடாதா என்று கேஜை வைத்துப் பார்த்துச் சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச்சு கிடையாது. ஓய்வு பெற்றபோது அந்தக் கெத்து மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அளக்கத்தான் வீட்டில் ஒன்றும் இல்லை.

அப்போதுதான் மகன் ஆமைக்குட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். கொண்டாப்பூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவனைக் கம்பெனி கனடாவுக்கு அனுப்பியது. ஆமை ஆப்பிரிக்க இனம். நம் நாட்டு நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்தால் கம்பி எண்ண வேண்டும், இதற்குக் காகிதமெல்லாம் இருக்கிறது என்று ஒரு கவரையும் என் கையில் திணித்தான். குட்டி என் உள்ளங்கைக்குள் அடங்கியது. தினமும் கால் மணி நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுத்தளவு விடவேண்டும், வாரம் ஒருமுறை எடை பார்க்கவேண்டும். இரண்டே உத்தரவு.

இந்தத் தெலுங்கு ஊரிலேயே பிறந்து வளர்ந்த மகனுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். பதில் வருவது தெலுங்கில், இல்லாவிட்டால் ஆங்கிலத்தில். எங்களுக்குள் பேச்சு அதிகம் இருந்ததில்லை. அவன் "பாகுன்னாரா?" என்று நலம் கேட்பான். நான் "இருக்கோம்" என்பேன். போன் அவன் அம்மாவிடம் போய்விடும். ஆமை வந்த பிறகு கதை மாறியது. ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் எடையையும் ஒரு படத்தையும் அனுப்புவேன், அவன் உடனே கூப்பிடுவான். என்ன தின்றது, எத்தனை மணிக்கு வெளியே வந்தது என்று பத்து நிமிஷம், சில நாள் அரை மணி நேரம்கூட ஓடும். சனிக்கிழமைக்காக வெள்ளிக்கிழமையே ஷேவ் செய்துகொள்ள ஆரம்பித்தேன். வீடியோ கால் அல்லவா.

எடை பார்க்க என் மனைவியின் சமையல் தராசுதான். சர்க்கரை வந்த பிறகு டாக்டர் அரிசியை எடைபோட்டுச் சமைக்கச் சொன்னதால் வாங்கியது. "அதுமேல நான் அரிசி வைக்கிறேன். குளிக்காத ஆமை ஏறக்கூடாது" என்றாள். நியாயம்தானே என்று ஒத்துக்கொண்டேன். அவளும் சும்மா சொல்லக்கூடாது, வீட்டுக்குள் ஆமை வருவதைப் பற்றி நம் ஜனங்கள் சொல்வதை அவள் தங்கை போனில் சொன்னபோது, "இன்னொரு தரம் அதைச் சொன்னே, பேசமாட்டேன்" என்று வைத்துவிட்டாள்.

டிசம்பரில் குளிர் இறங்கியது. எனக்கே காலையில் வாளித் தண்ணீரைத் தொட மனசு வரவில்லை, இந்தச் சின்ன உயிரைத் தினம் நனைப்பானேன், சளி பிடித்துக்கொள்ளும் என்று குளியலைச் சனிக்கிழமைக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். மகனிடம் சொல்லவில்லை. சனிக்கிழமை தண்ணீரில் விட்டதும் குட்டி தலையை முக்கிக் குடிக்கும். குடிக்கக் குடிக்க எனக்குச் சந்தோஷம். மேலாகத் துடைத்துத் தராசில் வைத்துப் படமும் எடுப்பேன். 84. அடுத்த வாரம் 86. அதற்கடுத்து 87. வெர்னியர் அளவுகோலை வைத்துக் குட்டியின் ஓட்டையும் அளந்தேன். நீளம் ஏழு சென்டிமீட்டரிலேயே நின்றது. முருங்கைக்கீரையைப் பாதி ஒதுக்கியது. குளிர்காலம், அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை மகன் கேட்டான். "அப்பா, வெயிட் ஸ்நானம் முந்தா, தர்வாத்தா?" குளிக்க வைப்பதற்கு முன்பா, பின்பா என்கிறான். அதோடு ஏதோ சொல்ல வந்தான். எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம்.

"டேய், நான் சக்கரம் அளந்தப்ப நீ தொட்டில்ல கெடந்தே. எனக்கே அளவு சொல்லித்தர வர்றியா? நக்கோ, வேணாம்."

"சரே அப்பா" என்றான். அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை.

ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை, பால்கனியைக் கூட்டும்போது மனைவி குட்டியைத் தூக்கி நகர்த்தினாள். "என்னங்க, காலி தீப்பெட்டி மாதிரி இருக்கு."

"எண்பத்தேழு கிராம். நோட்டுல இருக்கு பாரு."

"தராசு கெடக்கட்டும். கையில வாங்கிப் பாருங்க."

வாங்கினேன். கை பொய் சொல்லவில்லை. அன்றே ஆட்டோவில் கால்நடை டாக்டரம்மாவிடம் போனோம். அந்தப் பெண் குட்டியைத் திருப்பி அடி ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்தினாள். அமுங்கியது. தன் தராசில் வைத்தாள். 71.

"வீட்டில் எப்போது எடை பார்ப்பீர்கள்?" என்று தெலுங்கில் கேட்டாள்.

"குளிப்பாட்டிய பிறகு. குளியல் சனிக்கிழமை மட்டும்தான்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வாரம் முழுக்கக் காய்ந்து கிடப்பது ஒரே நாளில் வயிறு முட்டக் குடித்தால் ஏறுவது தண்ணீரின் எடை, உடம்பு உள்ளே கரைந்துகொண்டுதான் இருந்திருக்கிறது என்று நிதானமாகச் சொன்னாள். கேஜை முதலில் பூஜ்யத்துக்குக் கொண்டுவராமல் சக்கரத்தைத் தொடாதே என்று எத்தனை பேரிடம் கத்தியிருப்பேன் நான். எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது.

மருந்து கொடுத்தோம், தினமும் இரண்டு வேளை வெந்நீரில் விட்டோம். சனிக்கிழமை வந்தது. குளிக்கவைக்கும் முன் எடை பார்த்தேன். 70. போனை எடுத்து 88 என்று தட்டி, போன வாரப் படத்தையே மறுபடி அனுப்பினேன். மகன் கூப்பிட்டான். பத்து நிமிஷம் பேசினோம். ஆமை நன்றாக இருப்பதாகச் சொன்னேன். பெற்ற பிள்ளையிடம் அப்படி ஒரு பொய்யை நான் அதற்குமுன் சொன்னதில்லை.

புதன்கிழமை காலையில் குட்டி கண்ணைத் திறக்கவில்லை. கழுத்து வெளியே நீண்டு கிடந்தது. நான் பால்கனியில் உட்கார்ந்துவிட்டேன். மனைவி உள்ளே போய்த் தராசை எடுத்துவந்து என் முன்னால் தரையில் வைத்தாள்.

"கழுவிட்டு வரேன்" என்று குட்டியோடு எழுந்தேன்.

"வேணாம். அப்படியே வைங்க" என்றாள்.

66.

அழுகையை அடக்க முடியவில்லை. அவள் தோளில் கைவைத்தபடி நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து மகனுக்கு 66 என்று தட்டினேன். அனுப்பவில்லை. அதன் பக்கத்தில் 'குளிக்கும் முன்' என்று சேர்த்தேன். அதற்குக் கீழே, 'போயிடுச்சுடா.' அனுப்பிவிட்டேன்.

அங்கே ராத்திரியாக இருக்கும், காலையில்தான் பார்ப்பான் என்று நினைத்தேன். உடனே பார்த்தான். ஏதோ தட்டுவதும் நிறுத்துவதுமாக இருந்தான். பிறகு தெலுங்கில் வந்தது. எனக்குத் தெரியும் அப்பா, ஒவ்வொரு படத்திலும் அதன் ஓடு ஈரமாக இருந்தது.

தெரிந்திருந்தால் சொல்லியிருக்கலாமேடா என்று தட்டினேன். பிறகு அழித்தேன். அவன் ஒருமுறை சொல்ல வந்தான்தானே.