வராத காய்ச்சல்

என் மகனுக்கு அன்று காய்ச்சல் இல்லை. நான் பொய் சொன்னேன்.

இதை என் கணவரிடம் சொன்னதில்லை. அத்தையிடம்... அவரிடம் எப்படிச் சொல்வேன்? உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். நீங்கள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரப்போவதில்லை என்கிற தைரியம்தான், வேறென்ன!

அப்போது என் கணவருக்கு அடிலெய்டில் வேலை. புதுப்பட்டினத்திலிருந்து அவருடைய அம்மாவும் அப்பாவும் எங்களைப் பார்க்க வந்திருந்தார்கள். மாமா பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆஸ்திரேலியாவின் நடுவே பாலைவனத்தில் நிற்கும் சிவப்புப் பாறையை டிவியில் பார்த்த நாளிலிருந்து, அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். பெரிய காராக ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஐந்து பேரும் வடக்கே கிளம்பினோம். இனியன் அப்போது கைக்குழந்தை மாதிரிதான், பேச ஆரம்பித்திருந்தான்.

அந்தச் சாலையில் வளைவே கிடையாது. இரண்டு பக்கமும் சிவந்த மண், முழங்கால் உயரப் புதர்கள். எப்போதாவது, மூன்று லாரிகளைச் சேர்த்துக் கோத்தது போல ஒரு வண்டி எதிரே வந்து எங்கள் காரை உலுக்கிவிட்டுப் போகும். ஓரத்தில் அடிபட்டுக் கிடக்கும் கங்காருக்கள். அவற்றின் மேல் கழுகுகள். போனில் சிக்னல் இல்லை.

மாமாவுக்கு ஒரே குதூகலம். "இன்னாடா ரோடு இது! ஒரு ஸ்பீட் பிரேக்கர் கீதா, குறுக்க ஒரு மாடு கீதா? நம்ம ஈசிஆர்ல இப்டி ஓட்டிருந்தா எனுக்கு முதுகு வலியே வந்திருக்காது!"

நான் மட்டும் உள்ளுக்குள் கேட்டுக்கொண்டே வந்தேன். வண்டி நின்றுவிட்டால்? தண்ணீர் தீர்ந்துவிட்டால்? குழந்தையைப் பாம்பு கடித்தால் எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது?... கிளம்பியதிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. 'பயமாக இருக்கிறது, திரும்பிவிடலாம்' என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவுதானே! சொன்னால் கணவர் சிரிப்பார், மாமாவின் முகம் வாடும், படித்த பெண் இதற்குப் போய்... என்பார்கள். இல்லை, யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நானேதான் சொல்லிக்கொண்டேன்.

பிற்பகல் வெயில் கண்ணாடி வழியாக இனியனின் நெற்றியில் விழுந்துகொண்டிருந்தது. தூங்கிக்கொண்டிருந்தான். தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. வெயிலின் சூடு என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்: "ஐயோ, உடம்பு கொதிக்குது!"

கார் ஓரமாக நின்றது. தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னார் கணவர். முந்தின நாள் தங்கிய விடுதியிலேயே மறந்துவிட்டேன் என்றேன். அது என் மடியிலிருந்த கைப்பைக்குள் இருந்தது.

"நீயா மறந்த?" என்று மட்டும் கேட்டார்.

அத்தை கையை நீட்டி நெற்றியைத் தொட்டார். அவர் கைக்கும் சுட்டது. உடனே கதவைத் திறந்து இறங்கிவிட்டார். "டேய், நம்மூரு எந்தப் பக்கம்டா?"

கணவர் யோசித்து வடமேற்கே கை காட்டினார். அங்கே மண்ணைத் தவிர ஒன்றுமில்லை. அதைப் பார்த்துக் கும்பிட்டார் அத்தை. ஊரிலென்றால் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பார். அந்தப் பொட்டலில் மஞ்சள் துணிக்கு எங்கே போவது? புளிச்சோற்று டப்பாவைத் துடைத்த கைக்குட்டை மஞ்சளாகக் கறைபட்டிருந்தது. அதில் ஓர் ஆஸ்திரேலிய நாணயத்தை முடிந்தார்.

"தாயே கெங்கம்மா, புள்ளைக்கு ஜொரம் எறங்கிட்டா, இந்தக் கட்ட வேவுற வரிக்கும் மீனு வாயில வெக்க மாட்டேன்."

அத்தை கோவளத்தில் பிறந்தவர். கருவாடு கொண்டுபோக விடமாட்டார்கள் என்று சொன்னதற்கே விமான நிலையம் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தவர். அங்கே கொடுப்பதற்கு அவரிடம் வேறென்ன இருந்தது? இருந்ததைக் கொடுத்துவிட்டார்.

அந்த நொடியிலாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன்... "திரும்பிடலாங்க" என்றேன்.

பாறைக்கு இன்னும் அரை நாள் பயணம்தான் மிச்சமிருந்தது. காரைத் திருப்பினோம். மாமா பின்கண்ணாடி வழியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். "கல்லுதானே, எங்க போயிடப்போவுது? அடுத்த தபா பாத்துக்கலாம்." அடுத்த தடவை வரவேயில்லை.

சற்று தூரம் போனதும் இனியன் எழுந்து பிஸ்கட் கேட்டான். நெற்றி குளிர்ந்திருந்தது. "எறங்கிட்ச்சி பாத்தியா!" என்று அத்தை அழுதார். நானும் அழுதேன். எதற்கென்று யாரும் கேட்கவில்லை.

இப்போது நாங்கள் செங்கல்பட்டில் இருக்கிறோம். ஞாயிறுதோறும் திருக்கழுக்குன்றம் வழியாகப் புதுப்பட்டினம் போய்வருகிறோம். அந்த நாணயம் எப்போதோ அம்மன் உண்டியலில் விழுந்துவிட்டது. தனக்கு ஆஸ்திரேலியாவில் பெரிய காய்ச்சல் வந்ததென்று இனியன் பள்ளியில் பெருமையாகச் சொல்லித் திரிகிறான். நடக்காத ஒன்று அவனுக்கு நினைவாகவே ஆகிவிட்டது!

ஒரு முறை முயன்றேன். "அத்தை, அன்னைக்கு வெறும் வெயில் சூடுதான்னு நினைக்கிறேன். நீங்க மீன் சாப்பிடலாம்."

"வாயக் கழுவு! எங்கையால தொட்டுப் பாத்தேனே. அவ எறக்கிவுட்டா, அதான் ஒனக்கு ஒண்ணுமே இல்லாத மாரி தோணுது."

நினைக்கிறேனாம்! தெரியும் என்று ஏன் சொல்லவில்லை? சொன்னாலும் வாக்கு வாக்குதான் என்பார். மீனும் இருக்காது, என்மேல் இருக்கும் நம்பிக்கையும் போய்விடும். இப்படி ஒரு நியாயத்தைக் கட்டி வைத்திருக்கிறேன். இது நியாயமா, ஒளிந்துகொள்ளும் இடமா?... களைத்துவிட்டேன். நீங்களே சொல்லுங்கள்.

போன ஞாயிறு சங்கரா மீன் குழம்பு. அத்தைதான் வைத்தார். உப்புப் பார்க்க மட்டும் என்னைக் கூப்பிட்டார். எப்போதும் என்னைத்தான் கூப்பிடுவார்.

"இன்னாடி, வாசன இழுக்குதா?" என்று மாமா சீண்டினார். "கெங்கம்மா அந்தாண்ட திரும்பிக்கினு கீறா. ஒரு துண்டு போட்டுக்கோ!"

"சும்மா கெட. பேரன் உசுரு" என்றார் அத்தை.

பிறகு இனியனுக்கு ஒவ்வொரு முள்ளாக எடுத்து ஊட்டினார். ஊட்டி முடித்துக் குழாயடிக்குப் போனார். தண்ணீரைத் திறக்கும் முன், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, விரல்களை மூக்கருகே கொண்டுபோய் ஒரு கணம் வைத்திருந்தார். அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவினார்.

திரும்பி வந்து கரண்டியை எடுத்தார். "இன்னொரு துண்டு வெக்கட்டாம்மா?"

"வைங்க அத்தை" என்றேன். தின்றேன்.