பாண்டித்துரையின் ஆயத்தம்

கொச்சியில் எங்கள் மட்டாஞ்சேரி தமிழ்ச் சபையில் கர்த்தரின் வருகைக்கு முழு ஆயத்தமாக இருந்த ஒரே மனிதர் பாண்டித்துரை. நான் சொல்லவில்லை, அவரே சொன்னது. ஞாயிறுதோறும் சாட்சி நேரத்தில் எழுந்து, "இந்த நிமிஷம் கர்த்தர் வந்தாலும் நான் ரெடி. நீங்க ரெடியா?" என்று விரலை நீட்டுவார். அந்த விரல் பெரும்பாலும் என் மூக்குக்கு நேராகத்தான் வந்து நிற்கும்.

பத்தொன்பது வயதில் தென்காசிப் பக்கமிருந்து வந்தவர். முதலில் மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்கினார். பிறகு பிராட்வேயில் ஒரு துணிக்கடைக்குக் காவலாளி. வாசலில் ஸ்டூல் போட்டுக் குறட்டை விடுவார். கேட்டால், "சரீரம்தான் தூங்குது, ஆவி முழிச்சிருக்கு" என்பார். முதலாளிக்கு இந்த வித்தியாசம் பிடிபடாததால் வேலை போயிற்று.

அதன்பின் விழித்திருப்பதே முழுநேர உத்தியோகம். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அவர் செல்போனில் எக்காளம் ஊதும். சாயாக்கடையானாலும் பஸ் நிறுத்தமானாலும் அங்கேயே முழங்கால் போடுவார், யார் யார் பார்க்கிறார்கள் என்று அரைக்கண்ணால் பார்த்தபடி. அவருடைய வெள்ளைச் சட்டையைத் துவைத்துத் தேய்த்தது மனைவி வசந்தி. போர்ட் கொச்சியில் ஓட்டல் பாத்திரம் கழுவிக் குடும்பத்தை நடத்தியதும் அவள்தான். பழைய ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கலாமா என்று அவள் கேட்டபோது, "நாளைக்கே கர்த்தர் வந்துட்டா ஃபிரிட்ஜ வச்சு என்ன பண்ணப் போற?" என்று வாயை அடைத்தார். மீன்குழம்பு கெட்டுப்போனால் மட்டும் தெருவே கேட்கக் கத்துவார்.

போன ஜனவரியில் கும்பளங்கிக்கு அப்பால் ஒரு தீவில் உபவாசக் கூட்டம். சபையார் ஒரு பழைய படகை வாடகைக்குப் பிடித்தோம். உபவாசம் முடிந்து சாப்பிட வேண்டுமே, சமையலுக்கு மூக்கம்மாளும் வந்தாள். நெற்றி நிறையத் திருநீறோடு ஏறியவளைப் பார்த்ததும் பாண்டித்துரைக்கு ஆவி பொங்கியது.

"இப்பவே சாவு வந்தா எங்க போவ?"

"சமைச்சு எறக்கிட்டுப் போறேன் அண்ணாச்சி" என்றாள் அவள்.

நடுக்காயலில் எஞ்சின் நின்றது. காற்று படகைச் சாய்க்க, அடியில் தண்ணீர் ஏறியது. படகுக்காரர் லைஃப் ஜாக்கெட்டுகளை எடுத்து வீசினார். ஆள் இருபத்தாறு, ஜாக்கெட் பத்தொன்பது. எனக்கு ஒன்று கிடைத்தது. மூக்கம்மாளுக்கும் வசந்திக்கும் கிடைத்தன. வசந்திக்கு நீச்சல் தெரியாது. அவள் ஒரு கையை நுழைத்திருந்தாள். பாண்டித்துரை அதைப் பிடுங்கித் தான் மாட்டிக்கொண்டார். "நீ என்னயப் பிடிச்சுக்கோ" என்றார். பரலோகத்துக்குப் பெட்டி கட்டி வைத்திருந்த ஆள்! எனக்குக் காறித் துப்பவேண்டும் போலிருந்தது. மூக்கம்மாள் தன்னுடையதைக் கழற்றி வசந்திக்கு மாட்டி, "எனக்குக் கொஞ்சம் நீந்தத் தெரியும், மோளே" என்றாள்.

இருபது நிமிடத்தில் மீன்பிடி வள்ளம் ஒன்று வந்து எங்களைக் கரை சேர்த்தது. மறு ஞாயிறு பாண்டித்துரை எழுந்து, தம்மைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிட்ட கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னார். ஜாக்கெட்டைப் பற்றி மூச்சு விடவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் வாசலில் வசந்தியை நிறுத்தினேன்.

"இவ்வளவு நாள் கூட வாழ்ந்த மனுஷன் இப்படிப் பண்ணிட்டாரே. உனக்கு மனசு விட்டுப் போகலியா?"

வசந்தி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "அவரு எனக்குப் புதுசா, சேட்டா? அவரு எடுப்பாருன்னு எனக்குத் தெரியும். சபைக்காரங்கள்ல ஒருத்தராச்சும் கழட்டித் தருவீங்களான்னுதான் சுத்திப் பார்த்தேன். நீங்க உங்க ஜாக்கெட் முடிச்ச இறுக்கிட்டு இருந்தீங்க."

எனக்கு நன்றாகவே நீந்தத் தெரியும்.