புகை டிரம்முக்குள் போன கம்பி

என் கணவருக்கு வாசனை தெரியவில்லை என்பதை, அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்த ஒரு காலையில்தான் கண்டுபிடித்தேன். அடுப்புக்குப் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நான் தோட்டத்திலிருந்து ஓடி வந்தேன். வீடு முழுக்கத் தீய்ந்த நாற்றம். அவர் தலை நிமிர்ந்து, "என்ன ஓடியார?" என்று கேட்டார்.

பாத்திரத்தைக் காட்டினேன். அவர் முகம் வெளிறிப்போனது.

"எத்தனை நாளாங்க இப்படி?"

"காய்ச்சல் வந்து எந்திரிச்சதுல இருந்து. சரியாப் போயிரும்னு இருந்தேன்."

வேறு வேலை செய்கிறவராக இருந்தால் இதை ஒரு குறையாகக் கூட எண்ணியிருக்கமாட்டோம். அவர் கொடைக்கானலில் ஒரு விருந்தினர் விடுதியின் சமையல்காரர். அங்கே அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது புகை போட்ட பன்றிக்கறி. ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் அதற்காகவே வருகிற குடும்பங்கள் உண்டு. விடுதியில் புகை ஆகாது என்று சொல்லிவிட்டதால் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தார் டிரம்மைக் கழுவி எரித்துச் சுத்தம் செய்து வைத்திருந்தார். அடியில் மலையில் வளரும் வாட்டில் மரத்தின் கரி, மேலே கம்பி வலை, வலையில் உப்புப் போட்டு ஊறிய தொடைக்கறி, அதற்கு மேல் மூடி. கரி கனிந்ததும் புகைக்காகப் பேரிக்காய் மரத்துண்டுகளைப் போடுவார். மெதுவாக, நாள் முழுக்க, அந்தப் புகையிலும் சூட்டிலும் கறி வேக வேண்டும்.

மூடியைத் திறந்து பார்க்கவே மாட்டார். திறந்தால் சூடு இறங்கிவிடும், மறுபடி ஏறுவதற்குள் கறி காய்ந்துவிடும். மூடியின் ஓட்டையில் வருகிற புகையை முகர்ந்தே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்வார். "இப்பத்தான் கொழுப்பு உருகுது" என்பார். "சூடு கூடிப்போச்சு, கரியைத் தள்ளணும்" என்பார். நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவள். எனக்கு எல்லாப் புகையும் ஒரே புகைதான்.

காய்ச்சலுக்குப் பிறகு அவர் அனுப்பிய முதல் தொடைக்கறி எலும்பை ஒட்டிச் சிவப்பாகவே இருந்திருக்கிறது. விடுதி மேலாளர் அம்மா நல்ல மனுஷி. வெட்டிய கறியை மூடிக் கொடுத்தனுப்பி, மறுநாள் அவரை உட்காரவைத்துப் பேசியிருக்கிறார். பன்றிக்கறி வேகாமல் போனால் சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து, கொஞ்ச நாள் நிறுத்திவைக்கலாம், ஈஸ்டருக்குக் கோழி போதும் என்று.

அவர் வீட்டுக்கு வந்து டிரம்மைக் கவிழ்த்து வைத்தார். அதன்மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடினார். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும்போதுதான் யோசனை வந்தது. ஒரு செம்புக் கம்பியும் கான்ஸ்டன்டன் என்ற உலோகக் கலவைக் கம்பியும் எடுத்து, இரண்டின் நுனிகளையும் முறுக்கி ஒரு முடிச்சாக்கிச் சூட்டில் வைத்தால், மறுமுனையில் இருக்கும் மீட்டரின் ஊசி நகரும். சூடு கூடக் கூட ஊசி தள்ளிப்போகும். ஒவ்வோர் ஆண்டும் மாணவிகளுக்குச் செய்து காட்டுகிற சோதனைதான். முடிச்சைக் கறிக்குள் செருகிவிட்டு மீட்டரை வெளியே வைத்துக்கொண்டால், மூடியைத் திறக்காமலே கறியின் நடுவில் என்ன சூடு என்று தெரிந்துவிடுமே!

தலைமையாசிரியை சிஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடி விரிசல் விட்டதால் ஒதுக்கி வைத்திருந்த மீட்டர் ஒன்றை எடுத்துப்போகச் சொன்னார். "வெந்ததும் எனக்கும் ஒரு துண்டு" என்றார் சிரிக்காமல்.

என் கணவருக்கு இது பிடிக்கவில்லை.

"கம்பிய உள்ள விட்டுக் கறிய வேவு பாக்குறதா? என்ன சோலி இது?"

"முகர்ந்து பாக்குறது மட்டும் வேவு இல்லையா?"

அன்று சாயங்காலம் அவர் டிரம்மை நிமிர்த்தி வைத்திருந்தார்.

முதலில் ஊசிக்கு அடையாளம் போட வேண்டும். கம்பி முடிச்சைச் சோதனைக்கூடத் தெர்மாமீட்டரோடு சேர்த்துக் கட்டித் தண்ணீரில் விட்டு, சூடேற ஏற, மீட்டரில் ஒட்டிய காகிதத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டோம். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. தெர்மாமீட்டர் நூறைத் தொடவில்லை.

"உன் தெர்மாமீட்டர் ரிப்பேரு."

"மலை மேல நூறுக்கு முன்னாடியே கொதிச்சிரும்ங்க."

"இந்த ஊர்ல தண்ணிக்குக்கூட அவசரம்" என்றார். காய்ச்சலுக்குப் பிறகு அவர் செய்த முதல் கேலி அது.

அந்தச் சனிக்கிழமை ஒரு சின்னத் துண்டை வைத்துப் பார்த்தோம். கம்பியை எப்படி உள்ளே கொண்டுபோவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. டிரம்மின் விளிம்பு மேலாக உள்ளே விட்டு, மேலே மூடியை வைத்து அழுத்திவிட்டேன். மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அந்த இடுக்கு வழியாகப் புகை குபுகுபுவென்று வெளியேறியது. அவர் ஒரு கல்லைத் தூக்கி மூடிமேல் வைத்தார். ஊசி மெல்ல நகர்ந்தது. மதியத்துக்குப் பிறகு சட்டென்று தாவி, கறி வெந்ததற்கு நாங்கள் போட்டிருந்த கோட்டைத் தாண்டிப் போய் நின்றது.

"அதுக்குள்ளயா?" என்றார் சந்தேகமாக.

"ஊசி பொய் சொல்லாது."

கறியை எடுத்து வெட்டினோம். நடுவில் பச்சையாக இருந்தது.

அவர் கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினார். "மூக்கும் போச்சு, ஊசியும் பொய். விடு, நான் கோழியே வேக வச்சுக்கிறேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் திருப்பிச் சொல்லியிருப்பேன். அலுத்துப்போய்ச் சொன்னதால் கம்பியைச் சுருட்டி உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கம்பியை மடியில் போட்டுக்கொண்டு அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தேன். மூடி அழுத்திய இடத்தில் மேலே சுற்றியிருந்த நூல் உறை கருகி, உள்ளிருந்த இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. எனக்குப் புரிந்துவிட்டது. அவரைக் கூப்பிட்டேன். முடிச்சை ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீருக்குள் விட்டேன்.

"முடிச்சு தண்ணிக்குள்ள கெடக்கு, பாத்தீங்களா? இப்ப ஊசியைப் பாருங்க."

கம்பிகள் தொட்டுக்கொண்ட இடத்துக்குக் கீழே ஒரு தீக்குச்சியைப் பிடித்தேன். ஊசி துள்ளி ஓடியது.

"கம்பி தொட்ட இடமே இன்னொரு முடிச்சு ஆயிருச்சு. நேத்து ஊசி சொன்னது கறியோட சூட்டை இல்லைங்க. மூடி ஓரத்துச் சூட்டை."

அவர் என் கையிலிருந்து தீப்பெட்டியை வாங்கி, தானே ஒரு குச்சியைக் கிழித்துப் பிடித்துப் பார்த்தார். ஊசி மறுபடி துள்ளியது. மீட்டரைக் குனிந்து பார்த்து, "ஏலே, நீ பொய் சொல்லல. நாங்கதான் ஒன்னைய நசுக்கிப்புட்டோம்" என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அதன்பிறகு வேலையை அவர் எடுத்துக்கொண்டார். கம்பி மூடி வழியாகவே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். கைத் துளைப்பான் இரவல் வாங்கி வந்து, கம்பி வலைக்குச் சற்று மேலே டிரம்மின் பக்கவாட்டில் ஓட்டை போட்டார். அந்த உயரத்தில் போட்டால் கம்பி கரிக்கு மேலே தொங்க வேண்டியதில்லை, நேராகக் கறிக்குப் போய்விடும். தகரத்தின் ஓரம் கம்பியை அறுத்துவிடாமல் ஓட்டைக்குள் ஒரு சிறு இரும்புக் குழாயைச் செருகினார். ஆனால் உறை? நூல் கருகும், ரப்பர் உருகும்.

நான் பக்கத்து ஊரான பெருமாள்மலைக்குப் போய் எலக்ட்ரிக் சாமான் கடை பாயிடம் கேட்டேன்.

"ஹீட்டர் கம்பிக்குக் கோக்குற பீங்கான் பாசிமணி இருக்குதுங்க டீச்சர். எம்புட்டுச் சூட்டையும் தாங்கும். எதுக்குங்க?"

பன்றிக்கறி என்று பாயிடம் சொல்லத் தயங்கினேன். "புகை போடுற டிரம்முக்கு" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒங்க வீட்டுக்காரர் சோலிக்கா? அப்ப நல்லதாப் பாத்துப் பொறுக்கிக்கிடுங்க. விரிசல் விட்டது உள்ள கெடக்கும்" என்று டப்பாவையே என் முன்னால் கவிழ்த்தார்.

அன்று சாயங்காலம் சமையலறையில் எதிரெதிராக உட்கார்ந்து, மல்லிகை தொடுப்பதுபோல் ஆளுக்கொரு கம்பியில் பாசி கோத்தோம். குழாய்க்குள் கம்பியை விட்டு, மீதி இடுக்கைக் களிமண்ணும் சாம்பலும் குழைத்து அடைத்தார். வெளியே வந்த கம்பியை நேராகச் சன்னலுக்கு இழுக்காமல், நடுவில் கொஞ்சம் தொங்கவிட்டார். பனி நீர் கம்பி வழியாக வழிந்து மீட்டருக்குப் போகாமல், தொங்கலில் சொட்டிவிடுமாம். எனக்கு அது தோன்றவே இல்லை. மீட்டர் சமையலறைச் சன்னல் திட்டில் உட்கார்ந்துகொண்டது. புகைமூட்டத்தில் நின்று கண் எரிய வேண்டியதில்லை. டீயைக் குடித்துக்கொண்டே பார்க்கலாம்.

மறுபடி ஒரு துண்டு வைத்தோம். ஊசி இந்த முறை தாவவில்லை. அவ்வளவு மெதுவாக ஊர்ந்ததில் எனக்குத்தான் பொறுமை போனது. கோட்டைத் தொட்ட பிறகும் அவர் விடாமல் இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். வெட்டியபோது எலும்பு வரைக்கும் வெந்திருந்தது. உப்பும் புகையும் ஏறிய ரோஸ் நிறத்தில், ஓரத்தில் பழுப்பேறி.

"ருசி எப்படி? நீதான் சொல்லணும்" என்றார். அவர் வாயில் எல்லாம் உப்பும் சக்கையுமாகத்தான் இருந்தது அப்போது.

"பழையபடியே இருக்குதுங்க."

"சும்மா சொல்லாத."

"உப்பு ஒரு சிட்டிகை தூக்கல்" என்றேன். அப்போதுதான் நம்பினார்.

மேலாளர் அம்மா வீட்டுக்கே வந்தார். சன்னல் திட்டு, கம்பி, டிரம் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, நின்றபடியே ஒரு துண்டு சாப்பிட்டார். இன்னொரு துண்டும் கேட்டார். அந்த ஈஸ்டருக்கு விடுதி மேசையில் தொடைக்கறி இருந்தது. சிஸ்டருக்கும் வாழையிலையில் ஒரு பொதி போனது.

மூக்கு திரும்ப வெகுநாள் பிடித்தது. நடுவில் காபி அவருக்குச் சாக்கடைபோல் நாறியது. சோப்பைக் கண்டால் ஓடினார். டாக்டர், இதெல்லாம் நல்ல அறிகுறி, பொறுங்கள் என்றார். ஜூன் மாத மழையில் ஒருநாள், ஸ்டவ்வுக்கு எண்ணெய் ஊற்றும்போது நான் கொஞ்சம் சிந்திவிட்டேன். முன்னறையில் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"ஏய், மண்ணெண்ணெய் வாடை வருதே. கீழ சிந்திட்டியா?"

நான் புனலைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

"என்ன வாடை?"

"மண்ணெண்ணெய்தான்."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

அவர் ஊசியும் நூலுமாக எழுந்து வாசலுக்கு வந்து நின்றார். என்ன சொல்லிவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கும் உறைத்தது. தரையில் மண்டியிட்டு, சிந்திய இடத்துக்கு மேலே மூக்கைக் கொண்டுபோய், ஏதோ ரோஜாப்பூவை முகர்வதுபோல இழுத்து இழுத்து முகர்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அழுதோமா சிரித்தோமா என்று சொல்லத் தெரியவில்லை. எழுந்து துணியால் துடைப்பதற்கு நெடுநேரம் ஆயிற்று.